ஐந்து பேராகப் போவோம்



அப்புறம் பார்க்கலாம் என்று இதைப் பைபிளுக்குள் மடித்து வைத்துவிடாதீர்கள். நின்ற நிலையில் வாசியுங்கள். வரும் வாரம் நம் சேகரத்துச் சகோதரி ஒருத்தியை அவளுடைய அண்ணன்மார் காரில் ஏற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். விடுதலைப் பத்திரம் அடித்துத் தயாராக இருக்கிறது. கேமராவுக்கு முகம் காட்ட வேண்டும், ரேகை வைக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் அவள் வேலை. அப்பாவின் நிலத்தில் எனக்குள்ள பங்கைச் சகோதரர்களுக்கு முழு மனதோடு விட்டுக்கொடுக்கிறேன் என்று அந்தத் தாள் சொல்லும். முழு மனதோடு! வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் அவள் அழுத அழுகை நம் எல்லோர் காதிலும் விழுந்தது. நாம் என்ன செய்தோம்? கைவைத்து ஜெபித்தோம். டீ கொடுத்தோம். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி அனுப்பிவைத்தோம்.

கர்த்தர் பார்த்துக்கொள்வார், சரி. நாம் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

அவளுக்கு மட்டும் வந்த காரியம் இல்லை இது. இந்தச் சேகரத்தில் ஐம்பது வயது தாண்டிய பெண்களில் எத்தனை பேர் அந்த மாதிரித் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் என்று கேட்டுப்பாருங்கள். பலருக்கு என்ன பத்திரம் என்றே தெரியாது. 'அண்ணன் கையெழுத்துக் கேட்டான், போட்டேன்' என்பார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் போட்டவர்கள் உண்டு. அப்பாவின் நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த கையோடு போட்டவர்களும் உண்டு.

தைரியத்தைத் தாரும் ஆண்டவரே என்று நாம் கேட்காத கூட்டம் இல்லை. முதலில் பயம் போகும், அதன்பிறகு எழுந்து போகலாம் என்று காத்திருக்கிறோம். வேதத்தில் அப்படிக் காத்திருந்த பெண்ணை எனக்குக் காட்டுங்கள். எஸ்தர் மூன்று நாள் உபவாசம் இருந்தாள், தோழிமாரோடு சேர்ந்து இருந்தாள். மூன்றாம் நாள் என்ன செய்தாள்? ராஜ வஸ்திரம் உடுத்திக்கொண்டு, அழைப்பில்லாமல் போனால் தலை போகும் என்று தெரிந்தே, ராஜாவின் முன்னால் போய் நின்றாள். பயம் போயிற்று என்று அங்கே எழுதியிருக்கவில்லை. அவள் உபவாசம் முடிந்த இடம் அரண்மனை முற்றம். நம்முடைய உபவாசம் கஞ்சியோடு முடிகிறது.

எஸ்தரைப் பற்றியாவது பிரசங்கம் கேட்டிருக்கிறோம். செலொப்பியாத்தின் குமாரத்திகளைப் பற்றி எத்தனை கன்வென்ஷனில் கேட்டிருக்கிறீர்கள்? எண்ணாகமம் 27-ஆம் அதிகாரம். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். ஐந்து பேரின் பெயரையும் வேதம் விடாமல் எழுதிவைத்திருக்கிறது. சபையார் பலர் பெயர் தெரியாமல் போன அந்த வனாந்தரத்தில் ஐந்து பெண்களின் பெயர் நின்றிருக்கிறது என்றால் காரணம் இல்லாமலா?

அப்பா வனாந்தரத்தில் இறந்துபோனார். மகன் இல்லை. நிலம் பங்கிடப்போகிறார்கள், பெண்பிள்ளைகள் பெயர் கணக்கில் இல்லை. ஐந்து பேரும் கூடார வாசலுக்கு வந்தார்கள். அங்கே மோசே நிற்கிறார், ஆசாரியன் எலெயாசார் நிற்கிறார், பிரபுக்கள் நிற்கிறார்கள், சபை முழுவதும் நிற்கிறது. எல்லோர் முன்பாகவும், எங்கள் தகப்பன் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும், எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று கேட்டார்கள். மோசேயிடம் பதில் இல்லை. கர்த்தரிடம் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தர் சொன்னார். அவர்களுக்காக ஒரு பிரமாணமே உண்டாயிற்று.

கதையை அங்கேயே முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். மேலே வாசியுங்கள். 36-ஆம் அதிகாரத்தில் அந்தக் கோத்திரத்து ஆண்கள் திரும்பி வருகிறார்கள். பெண்ணுக்கு நிலம் கொடுத்தால் அது வேறு கோத்திரத்துக்குப் போய்விடுமே என்று முறையிட்டு, சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யவேண்டும் என்று ஒரு நிபந்தனையை வாங்கிப்போகிறார்கள். (ஆண்கள் திருத்தத்தோடு திரும்பி வருவது அன்றே தொடங்கிவிட்டது.) அதன்பிறகு யோசுவா 17. மோசே இறந்துவிட்டார், கானானுக்கு வந்தாயிற்று, நிலத்தைப் பங்கிடுகிறார்கள். அதே பெண்கள் மறுபடியும் வந்து எலெயாசாருக்கும் யோசுவாவுக்கும் முன்பாக நிற்கிறார்கள். எங்களுக்குக் கொடுக்கும்படி கர்த்தர் மோசேக்குக் கட்டளையிட்டாரே என்று ஞாபகப்படுத்துகிறார்கள். சட்டம் ஒரு தலைமுறையில் கிடைத்தது. நிலத்துக்கு இரண்டாம் தரம் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

'அவர்களுக்குத் தம்பி இல்லை, நமக்கு இருக்கிறானே' என்று யாராவது சொன்னால், யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். யோபுவுக்கு ஏழு குமாரர் இருந்தார்கள். அப்படியிருந்தும் எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்ற மூன்று குமாரத்திகளுக்கும் அவர்கள் சகோதரர் நடுவிலே சுதந்தரம் கொடுத்தார். பாடுபட்டு உடைந்த மனுஷன் கடைசியில் கற்றுக்கொண்டது அதுதானோ என்று எனக்குத் தோன்றும்.

இது பழைய ஏற்பாட்டோடு போன கதையும் இல்லை. மேரி ராயை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய சிரியன் கிறிஸ்தவப் பெண், எழுத்தாளர் அருந்ததி ராயின் அம்மா. கணவரைப் பிரிந்து, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு, நம் ஊட்டியில் அவர் அப்பாவுக்கு இருந்த வீட்டில்தான் வந்து தங்கினார். அந்த வீட்டைவிட்டுப் போகச் சொன்னது கூடப்பிறந்தவர். திருவிதாங்கூர் கிறிஸ்தவர்களுக்கென்று 1916-ல் வந்த வாரிசுச் சட்டம் ஒன்று இருந்தது. அப்பா உயில் எழுதாமல் இறந்தால், மகனுக்குப் போகும் பங்கில் கால்பங்கு, இல்லாவிட்டால் ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது மகளுக்கு. மேரி ராய் உச்ச நீதிமன்றம் போனார். 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. அந்தப் பழைய சட்டம் 1951-லேயே செத்துவிட்டது, மகனுக்கும் மகளுக்கும் சமபங்குதான் என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஒரு பெண் போட்ட வழக்கு, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சொத்துக் கணக்கை மாற்றி எழுதிற்று.

சபை சந்தோஷப்பட்டதா? எதிர்ப்பு சபைக்குள்ளிருந்தே வந்தது. குடும்பங்கள் உடையும் என்றார்கள். மகளுக்குப் போகாதபடி உயில் எழுதிவைக்கும் பழக்கம் பெருகிற்று. மேரி ராய்க்குத் தன் பங்கு கைக்கு வர மேலும் பல வருஷம் கோர்ட்டு ஏற வேண்டியிருந்தது. எண்ணாகமத்தில் ஜெயித்து, யோசுவாவில் மறுபடி போய் நின்ற கதைதான் அதுவும். அவர் 2022 செப்டம்பரில் காலமானார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நமக்கு யாரும் உச்ச நீதிமன்றம் போகவேண்டிய தேவையே இல்லை. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் கிறிஸ்தவ மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்குதான் எழுதிவைத்திருக்கிறது. கணக்கைச் சொல்கிறேன், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா இருக்கிறாள், இரண்டு மகன், ஒரு மகள். நிலம் 90 சென்ட். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 30 சென்ட், அம்மாவுக்கு. மீதி 60 சென்ட் மூன்று பிள்ளைகளுக்கும் இருபது இருபதாக. மகள் என்று ஒரு சென்ட் குறையாது.

இரண்டு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாய் கொடுத்து மாட்டிக்கொள்வீர்கள். அப்பா உயிரோடு இருக்கும்வரை அவர் சொத்தில் பங்கு கேட்க எந்தப் பிள்ளைக்கும் உரிமை இல்லை, மகனுக்கும் இல்லை. அவர் உயில் எழுதி ஒருவருக்கே கொடுத்துவிட்டால் சட்டம் பொதுவாகக் குறுக்கே வராது. ஆகவே அப்பாமாரிடம் பேசவேண்டிய காலம் அவர்கள் திடமாக இருக்கும் காலம். நாற்பதாம் நாளில் பேசத் தொடங்கினால் பிந்திவிடும்.

பத்திரத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால் அதைத் திருப்புவது லேசில்லை. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று சிவில் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அதுவும் விஷயம் தெரிந்ததிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். சாட்சி யார் வருவார்கள்? அதே அண்ணன்மார் கூட்டிவந்த சாட்சிகளா? அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். போடுமுன்னே ஒரு நாள் பேசுவது, போட்டபின் பத்து வருஷம் அலைவதைவிட மேல்.

சீதனம் கொடுத்தாயிற்றே என்பார்கள். கொடுத்தார்கள். யாரிடம் கொடுத்தார்கள்? நகை அவள் கழுத்தில் எத்தனை மாதம் இருந்தது? ரொக்கம் யார் வீட்டு மாடியாயிற்று? அதே வீட்டில் தம்பியை இன்ஜினியரிங் படிக்கவைத்த செலவு, அவனை வெளிநாடு அனுப்பின செலவு, இதெல்லாம் அவன் பங்கில் கழிக்கப்பட்டதா? மகளுக்குச் செய்ததைக் கடனாக எழுதுகிறார்கள், மகனுக்குச் செய்ததைக் கடமையாக எழுதுகிறார்கள். இந்தக் கணக்கை எந்தச் சேகரத்துப் பொருளாளர் ஆடிட்டில் ஒத்துக்கொள்வார்?

இதெல்லாம் நம் பெண்களுக்குத் தெரியாததில்லை. சட்டம் தெரிந்த டீச்சர்மாரும் நர்சுமாரும்கூடப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். ஏன்? பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடும் என்ற பயம்தான். புருஷன் வீட்டில் ஒரு சண்டை என்றால் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும். மகள் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் தாய்மாமன் வந்து நிற்க வேண்டும். அண்ணி முகம் சுளிக்காமல் ஒரு வாய் காப்பி கொடுக்க வேண்டும். செத்தால் கோடி கொண்டுவர வேண்டும். இருபது சென்ட் நிலத்தைக் கொடுத்து நம் பெண் வாங்குவது இந்த வாசலை. அவளை ஏமாளி என்று சொல்லிவிடாதீர்கள். அவள் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறாள்.

ஆனால் அந்தக் கணக்கு நிற்கிறதா என்று கையெழுத்துப் போட்ட அக்காமாரையே கேளுங்கள். அடிபட்டு ராத்திரி பிள்ளையோடு வந்து நின்றபோது, 'விடிந்ததும் நானே கொண்டுவந்து விடுகிறேன்' என்று அண்ணன் சொன்னதைச் சொல்வார்கள். வாசல் திறந்திருந்தது, விடியும்வரைக்கும். நிலமும் போய், போக்கிடமும் போய் நிற்கிறவள் எங்கே போவாள்? அவள் பெயரில் இருபது சென்ட் இருந்தால், ஓலைக் கொட்டகையாவது போட்டு உட்கார்ந்திருப்பாள். புருஷனும் கை ஓங்குமுன் ஒரு தரம் யோசிப்பான்.

வாசல் பயத்துக்கு மேல் வசன பயத்தையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். சகோதரனோடு சகோதரன் கோர்ட்டுக்குப் போகக்கூடாது என்று கொரிந்தியரில் ஓர் அதிகாரத்தை எடுப்பார்கள். அந்த அதிகாரத்தை முழுக்க வாசித்தால், சபைக்குள் வழக்கைத் தீர்க்க ஞானமுள்ளவன் ஒருவனும் இல்லையா என்று பவுல் சபையைத்தான் வெட்கப்படுத்துகிறார். அநியாயம் செய்கிற சகோதரனையும் அங்கே விடவில்லை. பாதிக்கப்பட்டவள் வாயை மட்டும் கட்ட அதே வசனத்தை எடுப்பது எந்த ஊர் நியாயம்? கீழ்ப்படிதலுக்கு எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை எடுக்கிறவர்கள், புருஷருக்கு அங்கே எழுதியிருப்பதை வாசிக்கும் முன்பே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நம்மோடு நிற்கிற சேகரகுருமார் இல்லாமல் இல்லை. அவர்களை முன்னால் அனுப்பிவிட்டு நாம் பின்னால் ஒளிந்துகொண்டால் அவர்களும்தான் எத்தனை நாள் தனியாக நிற்பார்கள்?

பாளையங்கோட்டைக்குப் போகும்போது கிளாரிந்தா கட்டிய பழைய கோயிலைப் பார்த்திருப்பீர்கள். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் நம் ஆச்சிமார் சொல்வார்கள். விதவைப் பிராமணப் பெண். ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு மணமாகாமல் வாழ்ந்தாள் என்று மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் அவளுக்கு முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அவள் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அந்த அதிகாரி இறந்தபின், 1778-ல் சுவார்ட்ஸ் ஐயரிடமே ஞானஸ்நானம் பெற்றாள். 1780-ஆம் வருஷத்துச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர் இருக்கிறது, முதல் பெயர் அவளுடையது. அவள் முன்னின்று கட்டின ஆலயத்தை 1785-ல் அதே சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலித் திருச்சபை ஒரு பெண்ணின் பெயரில் தொடங்குகிறது. இன்று அவளைப் போன்ற ஒருத்தி வந்தால் நம் கமிட்டியில் உட்காரவிடுவோமா என்று நினைத்துப்பாருங்கள்.

தெற்கே குமரி மண்ணில் தோள்சீலை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களும் நம் சபைப் பெண்கள்தான். மாரை மறைக்கக் கூடாது என்று மேல்சாதியார் துணியைப் பிடித்து இழுத்தார்கள், கிழித்தார்கள். இந்தப் பெண்கள் மறுபடியும் போட்டுக்கொண்டு போனார்கள், 1859-ல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவரும்வரை. ஐரோப்பிய மிஷனெரிமார் பெயரும் திவான்மார் பெயரும் புத்தகத்தில் கிடைக்கின்றன. கிழிந்த சீலையோடு வீடு வந்தவள் பெயர் கிடைப்பதில்லை. ஆனாலும் ஒன்று தெரிகிறது, அவள் சந்தைக்குத் தனியாகப் போகவில்லை.

தனியாகப் போனவளை மிரட்டலாம். ஐந்து பேராகப் போனவர்களை என்ன செய்வது என்று மோசேக்கே தெரியவில்லை. ஆகவே, சகோதரிகளே, ஒவ்வொரு சபையிலும் ஐந்து பேர் எழும்புங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தீர்மானத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். தலைவி யார், செயலாளர் யார் என்று சண்டை போடாதீர்கள், அதற்குத்தான் மற்ற சங்கங்கள் இருக்கின்றனவே. ஒருத்திக்குப் படிக்கத் தெரிந்தால் போதும், ஒருத்திக்கு உரக்கப் பேசத் தெரிந்தால் போதும், மற்ற மூவரும் கூட நின்றால் போதும்.

யாரையாவது கையெழுத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், அவள் வீட்டுக்குப் போங்கள். பத்திர நகலை முன்கூட்டியே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வாரிசுச் சான்றிதழில் அவள் பெயர் இருக்கிறதா, பட்டா யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கச் சான்றில் என்ன வருகிறது என்று பாருங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவது அவர்கள் கடமை. 15100-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அவளோடு போங்கள், கூச்சல் போடாதீர்கள், அண்ணன்மாரைப் பேசாதீர்கள். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்காருங்கள். ஒரே ஒரு தரம், தனியாகக் கூப்பிட்டு, 'உனக்குச் சம்மதம்தானா அக்கா?' என்று கேளுங்கள். சம்மதம் என்றால் போடட்டும், அது அவள் உரிமை. நாமும் இன்னொரு அண்ணன் ஆகிவிடக்கூடாது. இல்லை என்றால் அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவள் கை படாமல் அந்தப் பத்திரம் செல்லாது.

அடிபட்டு வருகிறவளை ஜெபித்து அதே வீட்டுக்கு அனுப்புகிற வேலையையும் விட்டுவிடுங்கள். 2005-லேயே குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் வந்துவிட்டது, 181 என்ற எண்ணுக்கு இரவிலும் ஆள் எடுப்பார்கள். மகளிர் காவல் நிலையத்துக்கு ஐந்து பேராகப் போனால் மனுவை வாங்காமல் திருப்பி அனுப்ப யாருக்கும் கொஞ்சம் யோசனை வரும். ராத்திரி தங்க இடம் இல்லை என்றால் ஐவரில் ஒருத்தி வீடு.

அடுத்து சேகரக் கமிட்டித் தேர்தல். ஓட்டுப் பெட்டிக்கு நம்மை வேன் வைத்துக் கூட்டிப்போகிறார்கள், வேட்பாளர் நோட்டீசில் நம் பெயர் எங்கே? அசன விருந்துக்கு அரிசி களைவது நாம், பிடி அரிசி சேர்ப்பது நாம், ஞாயிறு பள்ளி நடத்துவது நாம். கணக்கு வாசிக்கும்போது மட்டும் பின்வரிசை. 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபை முதல் பெண் பேராயரைப் பார்க்க 2013 வரைக்கும் ஆயிற்று, அதுவும் ஆந்திரத்து நந்தியால் திருமண்டலத்தில். புஷ்ப லலிதா அம்மையாரை அங்கே பேராயராக்க முடியும் என்றால், இங்கே கமிட்டிக்கு ஒரு பெண்ணைப் பொருளாளராக்க என்ன தடை? இந்தத் தேர்தலில் ஐவரில் ஒருத்தியாவது பெயர் கொடுக்க வேண்டும். தோற்றால் அடுத்த தரமும் கொடுக்க வேண்டும். சபை நிலம், சபைப் பள்ளிக்கூடம், சபை ஆஸ்பத்திரி இவற்றின் கணக்கை எழுந்து நின்று கேட்கிறவள் ஒருத்தி அந்த அறையில் இருந்தால், பெண்கள் பங்கைப் பற்றி அங்கே பேசுகிற பேச்சே வேறாகும்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஞாயிறு பள்ளிக் கட்டிடத்துக்கு வாருங்கள். ஐயரம்மா சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தராவிட்டால் வேப்பமரத்தடியில் உட்காருவோம். வரும்போது வீட்டில் இருக்கிற பத்திர நகல், பட்டா, தீர்வை ரசீது எது கிடைத்தாலும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள். பாட்டு ஒன்று, ஜெபம் ஒன்று, அதற்குமேல் வேண்டாம். ஐந்தரைக்குள் முதல் ஐந்து பேரின் பெயர் எழுதி, அந்தச் சகோதரிக்காகத் திங்கட்கிழமை யார் வண்டியில் போவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் எழும்பவேண்டும்.